முதுகு காட்டி இறங்குபவன்

மாலக்கி பின்புறமாகத்தான் இறங்குவான். முகம் மேலே பார்த்திருக்கும். இடது கை சுவரைத் தடவி வரும். இழுத்துக்கொண்ட வலது காலைக் கீழ்ப்படியில் விட்டு, அது நின்ற பிறகே இடது கால் வரும். கைத்தடி கழுத்தில் தொங்கிக் கல்லில் இடிக்கும். அந்தச் சத்தம் கேட்டால் அக்கா டீலியா சாப்பாட்டுத் தட்டோடு படியடிக்கு வந்துவிடுவாள்.

"விழுந்தா பிடிக்கவா நிக்கிறே?"

"விழறதைப் பாக்க ஒரு ஆள் வேணாமாடா?"

எழுபதைத் தாண்டியும் அவளுக்கு அவன் சின்னவன்தான்.

அயர்லாந்தின் கோரிப் ஏரிக்கரையில் பாழாய்க் கிடந்த இந்தக் கோபுர வீட்டை, அந்தக் காலத்துச் சின்னக் கோட்டையை, இங்கிலாந்தில் கட்டட வேலை செய்து சேர்த்த பணத்தில் அவன்தான் வாங்கினான். கூரை இருந்த இடத்தில் முள்மரம் வளர்ந்திருந்தது. வளைகூரையைப் பழைய முறையிலேயே எழுப்பினான்: கழிகளைப் பாய்போலப் பின்னிக் கீழே தாங்கக் கொடுத்து, மேலே சுண்ணாம்பும் கல்லும். பின்னலின் அச்சு இன்னும் கூரையில் இருக்கிறது. அதைப் பின்னியவள் டீலியா. பார்க்க வருகிறவர்களை அவள் அண்ணாந்து பார்க்கவைக்காமல் விடமாட்டாள். "அந்த மூலையில ஒரு கழி கோணலா இருக்கு பாருங்க. அது இவன் பின்னினது."

சுவர் அடியில் சரிந்து அகன்றிருக்கும். உச்சியிலிருந்து போடும் கல் அந்தச் சரிவில் பட்டு எதிரி மேல் தெறிக்க வேண்டும். கட்டி முடித்த அன்று மாலக்கி ஒரு டர்னிப் கிழங்கைப் போட்டுக் காட்டினான். அது தபால்காரரின் சைக்கிளைச் சாய்த்தது.

சுழல்படி ஏறுகிறவனுக்கு வலப்பக்கமாகத் திரும்பும். மேலே நிற்பவன் வாள் வீச இடம் இருக்கும். ஏறி வருகிறவனின் வலது கை நடுத்தூணில் முட்டும். பக்கவாதம் வந்த பிறகு மாலக்கிக்கு இடது கை மட்டும்தான். ஏறும்போது வெளிச்சுவர் அந்தக் கைக்கு எட்டும். நேராக இறங்கினால் எட்டாது. படிகள் குறுகி முடியும் தூண்தான் கிடைக்கும். அதனால்தான் முதுகு காட்டி இறங்குகிறான்.

"மேல போக விடுதுக்கா. கீழ வரத்தான் விடமாட்டேங்குது."

நடுவில் ஒரு படி மற்றவற்றைவிட உயரம். ஓடி ஏறும் அந்நியன் தடுக்கி விழுவதற்காக அப்படி வைத்தது. அதைச் சமமாக்கலாம் என்று கொத்தனார் கேட்டபோது மாலக்கி சண்டைக்குப் போனான். இப்போது பின்னால் நீளும் கால் அந்த இடத்தில் தரையைக் காணாமல் தவிக்கிறது. இரண்டு முறை விழுந்துவிட்டான். இரண்டாம் முறை, வெளியே போயிருந்த டீலியா வரும்வரை சாயங்காலம் முழுக்க அங்கேயே கிடந்தான். "அதுக்கு என்னை அடையாளம் தெரியலை" என்றான்.

"கீழ படுத்துக்கோயேன்டா."

"ஜன்னல் இல்லாத கிடங்குலயா? உருளைக்கிழங்கு மூட்டை இடம் விடுமா?"

முடியாத நாட்களில் அவன் இறங்குவதில்லை. வாசல் நடையின் கூரையில் ஒரு கொலைத்துளை உண்டு. கதவை உடைத்து நுழைகிறவன் தலையில் கல் போடுவதற்கு. மாலக்கி அதன் வழியாகக் கயிற்றில் கூடையை இறக்குவான். டீலியா பன்றிக்கறியும் முட்டைக்கோசும் வைத்துக் கயிற்றை ஒரு சுண்டு சுண்டுவாள். கூடை தத்தித் தத்தி மேலே போகும்.

நர்ஸ் நோரீன்தான் முதியோர் இல்லத்தில் இடம் பிடித்தாள். "இன்னொரு தடவை விழுந்தா உங்களைக் கொண்டுவர முடியாது மாலக்கி. ஸ்ட்ரெச்சர் இந்தப் படியில திரும்பாது."

"திரும்பக் கூடாதுன்னுதானே கட்டினாங்க" என்றான். பிறகு டீலியாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, வரேன்" என்றான்.

திங்கட்கிழமை கார் வந்தது. மாலக்கி சவரம் செய்து கீழே உட்கார்ந்து தேநீர் குடித்தான். டீலியா அவன் துணிகளை மடித்து மடித்துப் பையில் வைத்தாள்.

"தொப்பியை விட்டுட்டேன். எடுத்துட்டு வரேன்."

"நான் போறேன்டா."

"உனக்கு அந்தப் படி தெரியாது."

அவள் பையோடு நடையில் நின்றாள். கார்க்காரர் ஒருமுறை ஹாரன் அடித்தார்.

"மாலக்கி, கார் நிக்குதுடா."

தலைக்கு மேல் கொலைத்துளையை மூடியிருந்த பலகை நகர்ந்தது. கயிறு இறங்கியது. அதில் கூடை இல்லை, கைத்தடி இருந்தது. ஒரு கையால் போட்ட முடிச்சு, ஒழுங்காக இருந்தது. டீலியா தடியைப் பிடித்து, பழக்கத்தில் கயிற்றை ஒரு சுண்டு சுண்டினாள்.

மேலே அவன் கயிற்றின் மறுமுனையை விட்டுவிட்டான். அது முழுதும் அவள் தோளில் விழுந்தது.