ரங்கூன் கிணற்று ஜலம்

கப்பல் ரங்கூன் துறையை நெருங்குவதற்கு முன்பே அந்த நாற்றம் வந்துவிட்டது. மீனை உப்பிட்டு அழுகவைத்து அரைத்த "நாப்பி" என்னும் விழுதின் வாடை, ஆற்றுச் சேற்றோடும் அரிசி ஆலைப் புகையோடும் கலந்து, அம்மாவின் புடவைத் தலைப்பில் முகத்தைப் புதைத்தாலும் விடாமல் உள்ளே புகுந்து தொண்டையில் உட்கார்ந்துகொண்டது. சின்னக் காஞ்சிபுரத்தில், வெங்காயம்கூட நுழையாத ஐயங்கார் வீட்டில் வளர்ந்த சிறுமியான நான், பர்மா மண்ணை மிதித்ததும் செய்த முதல் காரியம் வாந்தி எடுத்ததுதான். அந்த ஊரைப் பற்றி ஆஹா ஓஹோ என்று எழுதுகிறவர்கள் எழுதட்டும். எனக்கு அது குமட்டலில் தொடங்கிக் குமட்டலில் முடிந்த ஊர்.

அப்பா அங்கே ஒரு பட்டுக்கடையில் கணக்கு எழுதிவந்தார். வருஷக்கணக்காகத் தனியாகப் பொங்கித் தின்று இளைத்துப்போயிருந்தார். அம்மாவையும் என்னையும் அழைத்துப்போகிறேன் என்று அவர் சொன்னபோது, கோயில் மடைப்பள்ளியில் தளிகை செய்யும் பெரியப்பா வீட்டையே இரண்டாக்கிவிட்டார். "கடல் தாண்டறதே தப்பு. அதுல குழாய் ஜலத்தையும் குடிச்சுட்டு வந்தா, இந்த ஆத்து அடுப்பங்கரையை மிதிக்கப்படாது" என்றார். குழாய்க்குள்ளே கசிவை அடைக்க மாட்டுத்தோல் வளையம் வைத்திருப்பார்கள் என்பதால், எங்கள் ஊருக்குக் குழாய் வந்த பிறகும் எங்கள் வீட்டில் கிணற்று ஜலம்தான். அம்மாவுக்குப் பெரியப்பாவின் பேச்சு வேதவாக்கு. "கிணத்து ஜலம் கிடைக்கலேன்னா அடுத்த கப்பல்ல திரும்பிடுவேன்" என்று அப்பாவிடம் கண்டிப்பாகச் சொன்னாள். "ரங்கூன்லயும் பெருமாள் கோயில் இருக்கு, மடைப்பள்ளிக்குப் பின்னால நல்ல கிணறு இருக்கு. தினம் குளிச்சுட்டு நானே மடியா கொண்டுவரேன்" என்று அப்பா வாக்குக் கொடுத்த பிறகுதான் பெட்டி கட்டினாள்.

எங்களுக்கு வாய்த்தது நான்காவது மாடியில் ஓர் அறை. பின்பக்கம் ஒரு சந்து. அதைச் சந்து என்பதைவிடக் குப்பைத்தொட்டி என்பதுதான் சரி. எல்லா மாடிக்காரர்களும் மீன் செதில், சோற்றுக் கஞ்சி, குழந்தை கழித்த துணி அலசிய தண்ணீர் என்று கைக்கு வந்ததையெல்லாம் ஜன்னல் வழியாகவே வீசுவார்கள். மழைக்காலத்தில் அத்தனையும் ஊறி மிதக்க, பூனை அளவு எலிகள் அதில் நீந்தும். மாடிப்படிச் சுவர் முழுவதும் வெற்றிலை எச்சில். முதல் முறை இருட்டில் கையூன்றி ஏறியபோது பிசுபிசுவென்று ஒட்டியது; அன்றைக்கு நான் சாப்பிடவேயில்லை. கக்கூஸைப் பற்றிச் சொல்லி உங்கள் சாப்பாட்டையும் கெடுக்க விரும்பவில்லை. மெத்தப் பெரிய நகரம், ராத்திரியெல்லாம் மின்விளக்கு, டிராம் வண்டி என்கிறார்கள். டிராமில் ஏறினால் பக்கத்து ஆளின் வேர்வையில்தான் நாம் குளிக்கவேண்டும், தூ!

இத்தனை அசிங்கத்துக்கும் நடுவே எங்கள் மூலையில் மட்டும் ஒரு பித்தளைக் குடம் தங்கம்போல் மின்னியது. விடியுமுன் அப்பா குளித்து ஈர வேட்டியோடு அதைத் தூக்கிக்கொண்டு போவார். மூச்சிரைக்க மாடியேறி வந்து அம்மா முன்னால் இறக்கிவைப்பார். அம்மா அந்த ஜலத்தில் சமைப்பாள், அதையே குடிப்பாள். அந்த ஊரில் அவள் முகம் சுளிக்காமல் தொட்ட ஒரே பொருள் அதுதான்.

மழை பிடித்துக்கொண்ட நாட்களில் அப்பா காய்ச்சலில் விழுந்தார். குடம் காலியானதும் அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். "வேண்டாம், நானே போறேன்" என்று எழுந்த அப்பா, தடுமாறி மறுபடியும் பாயில் சரிந்தார். கோயிலுக்கு நாங்கள் முன்பே போயிருக்கிறோம். ஆனால் மடைப்பள்ளிப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. அங்கே கிணறு இல்லை, ஒரு சிமெண்டு மேடைதான் இருந்தது. செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து வந்திருந்த காவல்காரர் சொன்னார்: "கெணறா? அத்த தூத்து ரொம்ப வருசமாவுதும்மா. சாமிக்கே கொழாத் தண்ணிதான் வந்துக்கினு இருக்குது."

அம்மா காலிக் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வந்த வழியே நடந்தாள். திரும்பும் வழியெல்லாம், அடுத்த கப்பல் என்றைக்கு என்றுதான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். எங்கள் கட்டிடத்து வாசலில் தெருக்குழாய் ஒன்று இருந்தது. சுற்றிலும் பாசி, எச்சில், யாரோ கழுவிப்போட்ட மீன் குடல். அம்மா அதன் முன்னால் நெடுநேரம் நின்றாள். பிறகு புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, அந்தச் சகதியில் இறங்கிக் குடத்தை வைத்துக் குழாயைத் திருகினாள்.

அம்மா தம்ளரை நீட்டியதும் அப்பா குடத்தைப் பார்த்தார். காய்ச்சலைவிடப் பயம்தான் அவர் முகத்தில் அதிகம். "எங்கே பிடிச்சே?" என்றார்.

"நீங்க தினம் பிடிக்கற அதே கிணத்துலதான்னா. குடிங்கோ."

அப்பா அவளையே பார்த்தார். கண்ணிலிருந்து நீர் வழிய வழியக் குடித்தார். அம்மா தனக்கும் ஒரு தம்ளர் எடுத்து அண்ணாந்து ஊற்றிக்கொண்டாள். மறுகணம் ஜன்னலுக்கு ஓடி ஓங்கரித்து அத்தனையும் வெளியே கொட்டினாள். வாயைத் துடைத்துக்கொண்டு வந்து இன்னொரு தம்ளர் எடுத்துக் குடித்தாள். இந்தத் தடவை அது உள்ளே தங்கியது.

அப்பா தேறியதும் பழையபடி விடியுமுன் குடத்தோடு கிளம்பினார்; அம்மாவும் பழையபடி வாங்கி வைத்துக்கொண்டாள். கடைக்காரர் கடையை மூடும்வரை நாங்கள் அங்கேதான் இருந்தோம். ஊர் திரும்பியபோது பெரியப்பா வாசலிலேயே மறித்து, "தீர்த்தத்துக்கு என்ன பண்ணினேள்?" என்று கேட்டார். அப்பா வாயைத் திறக்குமுன் அம்மா, "கோயில் கிணறு. கல்கண்டாட்டம் ஜலம்" என்று சொல்லிவிட்டு நேரே அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள்.

இன்று அவர்கள் யாரும் இல்லை. எங்கள் வீட்டுக் கிணற்றையும் மூடியாயிற்று. எந்தத் தண்ணீர் குடித்தாய் என்று வாசலில் நிறுத்திக் கேட்கிற வழக்கமும் ஒழிந்தது, ஒழியட்டும், நல்லதுதான். ஆனால் காஞ்சிபுரத்துக்கு வந்த பிறகு அம்மா, சாகும்வரை குழாய்த் தண்ணீரைத் தொட்டதில்லை. கிணறு வற்றிய கோடையில், அப்பா போன பிறகும், தள்ளாத வயதில் அடுத்த தெருவுக்குப் போய் இறைத்துக்கொண்டு வருவாள். குழாய்த் தண்ணீரைக் கண்டாலே குமட்டுகிறது என்பாள். "ரங்கூனில் மட்டும் எப்படிம்மா குடிச்சே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அங்கே உங்கப்பான்னா கொண்டுவந்து குடுத்தார்" என்றாள்.