பதினேழாம் எண் படுக்கவே இல்லை

பெரிய மனிதர்களின் வரலாறு அவர்கள் பிறந்த நாளில் தொடங்கும். எக்ஸ்ரே அக்காவின் வரலாறு மாட்டுப் பண்ணையில் ஒரு ஸ்டூல் காணாமல் போன நாளில் தொடங்குகிறது. அதற்கு முன்பே அவர் பிறந்து, வளர்ந்து, ஒரு லாரி டிரைவரைக் கல்யாணம் செய்துகொண்டு, ஐம்பது வயதையும் தாண்டியிருந்தார். வரலாறு அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை.

மாடுகளைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் அவர் வேலை. எது பின்னங்காலை ஊன்றத் தயங்குகிறது, எது அசைபோடுவதை நிறுத்திவிட்டது, எதைத் தீவனத் தொட்டிப் பக்கம் அண்டவிடாமல் மற்றவை முட்டித் தள்ளுகின்றன என்று கொட்டகையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பார்த்துச் சொல்ல வேண்டும். நாளைக்கு நொண்டப்போகும் மாட்டை இன்றைக்கே காட்டிக் கொடுப்பதால் எக்ஸ்ரே என்று பெயர்.

அவருக்குத் துணையாக ஒவ்வொரு மாட்டின் கழுத்திலும் ஒரு கருவிப் பட்டை உண்டு. மாடு அதிக நேரம் நின்றாலோ குறைவாக மென்றாலோ மேனேஜரின் செல்போனில் சிவப்பு எரியும். எரிந்துகொண்டே இருந்தால் கம்பெனிக்காரன் பால் வாங்க மாட்டான். ஆகவே மாடுகளுக்குக் குறையொன்றும் இல்லை. படுக்க ரப்பர் மெத்தை, தலைக்கு மேல் மின்விசிறி, முதுகு சொறியச் சுழலும் பிரஷ். அந்தப் பிரஷ்ஷைப் பார்த்துப் பெருமூச்சு விடாத ஊழியர் அங்கே கிடையாது.

மனித இனத்துக்கென்று இருந்தது ஒரே ஒரு ஸ்டூல். அக்காவும் பால் கறக்கும் பெண்கள் மூவரும் முறைவைத்து அதில் உட்காருவார்கள். முதலாளியின் மாப்பிள்ளையாகிய மேனேஜர் ஒருநாள் அதைத் தூக்கிப் போய் ஆபீசில் பிரிண்டருக்கு அடியில் வைத்துவிட்டார்.

"சார், எங்க ஸ்டூலு?"

"உக்காந்தா தூக்கம் வரும்க்கா. அப்புறம் மாட்டை யாரு பாக்கறது?"

"மாடு படுத்துக்கிட்டுத்தானே சார் இருக்கு? நாங்க மட்டும் ஏன் நிக்கணும்?"

"அது வாயில்லா ஜீவன்."

"எங்களுக்கு வாய் இருக்கறது குத்தமா?"

மேனேஜர் நகர்ந்துவிட்டார். வாயுள்ள ஜீவன்களோடு அவர் அதிகம் வைத்துக்கொள்வதில்லை.

மாலையில் அக்கா முட்டிக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தபோது, கணவர் தத்துவம் பேசினார்.

"என்னைப் பாரு, நாள் முழுக்க உக்காந்தே சம்பாதிக்கிறேன். நீ வாயை வச்சுக்கிட்டு சும்மா இருடி. வேலை போச்சுன்னா?"

"நின்னுக்கிட்டே வேற வேலை தேடுவேன். அதான் நல்லா பழகிடுச்சே."

மறுநாள் காலை அக்கா சாமான் அறையில் கிடந்த பதினேழாம் எண் பட்டையைத் தூசி தட்டினார். அந்த மாடு போன மாதமே விற்றாகிவிட்டது. ஆனால் அதன் எண் மட்டும் மேனேஜரின் செல்போனில் பதவியை விடாமல் இருந்தது. பட்டைக்குச் சார்ஜ் ஏற்றி, மாலைபோல் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனார். மாடா மனுஷியா என்று பேதம் பார்க்காத பட்டை அது. அந்தப் பண்ணையில் அந்தக் குணம் அதற்கு மட்டுமே இருந்தது.

மதியத்துக்குள் சிவப்பு எரிந்தது. 'பதினேழாம் எண்: காலையிலிருந்து படுக்கவில்லை. அசைபோடவில்லை. நடையில் நொண்டல். உடனே கவனிக்கவும்.' மேனேஜர் பதறி மாட்டு டாக்டரை வரவழைத்தார். இருவரும் கொட்டகைக்கு ஓடி வந்தார்கள்.

"அக்கா, பதினேழு எங்க?"

"இங்கதான் சார் நிக்குது."

"எங்க நிக்குது?"

"காலையிலேர்ந்து நிக்குது. பிரச்சினையே அதானே?"

டாக்டர் அக்காவின் கழுத்தைப் பார்த்தார். வந்தது வந்தாயிற்று என்று பையைக் கீழே வைத்தார்.

"எந்தக் கால்?"

"இடது முட்டி, டாக்டர்."

"தீனி எடுக்குதா?"

"நின்னுக்கிட்டே ரெண்டு வாய்."

டாக்டர் மேனேஜரிடம் திரும்பினார். "ஓய்வு குடுக்கணும். மெத்துன்னு இடம் வேணும். இல்லேன்னா கால் போயிடும். ஃபீஸ் மாட்டுக்கு வாங்கறதே போதும்."

டாக்டர் போனதும் மேனேஜர் அக்காவை ஆபீசுக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார். "ஸ்டூலை எடுத்துக்கங்க. உங்களுக்கு மட்டும். பட்டையைக் கழட்டுங்க. இல்லேன்னா வேலை இல்ல."

முட்டி, 'வாங்கிக்கொள்' என்றது. அக்கா முட்டியின் பேச்சைக் கேட்கவில்லை.

"ஒண்ணுக்கு மட்டும் மெத்தை போட்டா மத்ததெல்லாம் முட்டும் சார். வருஷக்கணக்கா பாத்துட்டு இருக்கேன். நாலு பேருக்கும் வேணும்."

"முடியாது."

"அப்போ நாளைக்குப் பாக்கலாம்."

மறுநாள், விற்றுப்போன மற்ற மாடுகளின் பட்டைகளும் சாமான் அறையிலிருந்து வெளியே வந்தன. கறக்கும் பெண்களில் சின்னவள் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள்.

"வேலை போயிடுமாக்கா?"

"போனா நாலும் சேர்ந்து போவோம்டி. மந்தையா போனா நாய் கிட்ட வராது."

நான்கு கழுத்தில் நான்கு பட்டைகள். செல்போனில் நான்கு சிவப்பு. மேனேஜர் அதைவிடச் சிவப்பாக வந்து நின்றார்.

"கழட்டுங்க எல்லாரும்!"

"கழட்டி வச்சா அசைவில்லன்னு காட்டும் சார். அசைவில்லன்னா மாடு செத்துப்போச்சுன்னு தகவல் நேரா பால் கம்பெனிக்குப் போகும். ஒரே நாள்ல நாலு சாவு. விசாரிக்க வருவாங்க. வரட்டும், நாங்க பதில் சொல்றோம். எங்களுக்குத்தான் வாய் இருக்கே."

பட்டைகளைக் கழற்றி நாலு கிடேரிகளுக்குக் கட்டினால் விஷயம் முடிந்துவிடும் என்பது மேனேஜருக்குத் தோன்றவில்லை. அக்காவும் ஞாபகப்படுத்தவில்லை.

சாயங்காலமே ஒரு நீளமான பெஞ்ச் வந்து இறங்கியது. மேலே ரப்பர் மெத்தைகூட ஒட்டியிருந்தது. 'பதினேழாம் எண் மாட்டின் உபயோகத்துக்கு' என்று பில்லில் போட்டிருந்தார்கள். மாப்பிள்ளை மாமனாருக்குக் கணக்குக் காட்ட வேண்டுமே. நால்வரும் உட்கார்ந்தார்கள். சிவப்பு ஒவ்வொன்றாகப் பச்சையானது.

மற்ற மூவரும் பட்டைகளைக் கழற்றிக் கிடேரிகளுக்குக் கட்டிவிட்டார்கள். அக்கா மட்டும் கழற்றவில்லை. ஸ்டூல் போன வழியை மறப்பாரா? பெஞ்சோடு வந்த தச்சர் அதன் கால்களைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்கினார். அக்கா ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். அது அசையவில்லை என்றான பிறகே கழுத்தில் கை வைத்தார்.

எதிரே மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். அக்கா அவரை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"சார், வலது காலை ஊனாமலே நிக்கிறீங்க. முட்டியா?"

"கொஞ்ச நாளா... லேசா வலி."

பெஞ்சில் யாரும் நகர்ந்து இடம் விடவில்லை. அக்கா பட்டையை அவரிடம் நீட்டினார்.

"இந்தாங்க, போட்டுக்கங்க. நாளைக்குள்ள ஏதாவது செய்வாங்க."