முப்பத்தெட்டுப் புள்ளி

பேராசிரியர் கனகலிங்கம் திருநெல்வேலிப் பல்கலைக்கழக வளாகத்தில் காலையில் கணிதம் கற்பித்தார். மாலையில் அதே மாணவர் சிலருக்கு உதைபந்தாட்டம் பயிற்றுவித்தார். பயிற்சிக்கென எவரும் அவரை நியமித்ததில்லை, நீக்கியதுமில்லை. மைதானத்தில் அவர் சத்தமிட்டதை எவரும் கேட்டதில்லை. பந்துக்காப்பாளன் ஓரடி முன்னே வந்தால் எதிரியின் கண்ணுக்குக் கோல் எவ்வளவு குறுகும் என்பதைச் செம்மண்ணில் குச்சியால் கீறிக் காட்டுவார். அவ்வளவுதான் பாடம்.

அவ்வாண்டு மழையால் தள்ளிப்போன இறுதியாட்டம் மீள்பரீட்சை நாளில் வந்து விழுந்தது. பந்துக்காப்பாளன் கஜீபன் அந்தப் பரீட்சையை எழுதவேண்டியவன். பரீட்சைத் திகதியை மாற்றும்படி பலர் கேட்டனர். மாற்றும் அதிகாரம் தம்மிடமே இருந்ததால், தம் அணிக்காக மாற்றியதாகிவிடும் என்று கனகலிங்கம் மாற்றவில்லை. பரீட்சையன்று கஜீபன் நான்காவது வினாவைத் தொடாமலே பேனையை மூடினான். மண்டபத்தை விட்டு வெளியேறப் பரீட்சை விதி அனுமதிக்கும் நேரம் வந்ததும் எழுந்து மைதானத்துக்கு ஓடினான். மேற்பார்வைக்கு நின்ற கனகலிங்கம் அவனைத் தடுக்கவில்லை. ஆட்டம் சமநிலையில் முடிய, தண்ட உதைகளைத் தடுத்துக் கிண்ணத்தைக் கொண்டுவந்தவன் அவனே.

விடைத்தாளைத் திருத்தியவர் கனகலிங்கம். சித்தியடைய நாற்பது புள்ளி வேண்டும், வந்தது முப்பத்தெட்டு. மறுபடி கூட்டிப் பார்த்தார். மாறவில்லை. அதையே போட்டார்.

பட்டம் ஓராண்டு தள்ளிப்போயிற்று. இன்னமும் மாணவனாக இருந்தமையால், கஜீபன் அடுத்த ஆண்டும் அணியில் ஆடத் தகுதி பெற்றான். ஊர் கணக்குப் போட அது போதுமாயிருந்தது.

அவனுடைய தகப்பன் முத்துக்குமாரு புத்தூரில் வெங்காயம் பயிர் செய்பவர். சந்தையில் பேராசிரியரைக் கண்டு மறித்தார்.

"உங்கடை அடுத்த கிண்ணத்துக்காக என்ரை பிள்ளையைப் பெயிலாக்கி வைச்சிருக்கிறியள், என்ன சேர்?"

கனகலிங்கம் அன்று மாலையே பயிற்சியைக் கைவிட்டார். பிழை செய்தவன்தான் ஒதுங்குவான் என்று அதற்கும் ஒரு கதை கிளம்பிற்று. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூடமுடியாது என்பது அவருக்குத் தெரியும். ஆயினும், கஜீபனும் அப்படித்தான் நினைக்கிறானா என்ற ஐயம் மட்டும் அவரை அரித்தது.

மறுநாள் கஜீபன் பேராசிரியரின் அறை வாசலில் வந்து நின்றான்.

"சனம் கதைக்கிறது கிடக்கட்டும். நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டார்.

"நாலாவது கணக்கை நான் தொடேல்லை, சேர். தொடாததுக்கு நீங்கள் எப்பிடிப் புள்ளி போடுறது?" என்ற கஜீபன், சற்றுத் தயங்கிச் சொன்னான்: "ஆனா, நான் எழும்பேக்கை 'இரடா' எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

விதி இடம் கொடுத்தது என்று சொல்ல வாயெடுத்த பேராசிரியர் நிறுத்திக்கொண்டார்.

"ஓம்," என்றார். "எனக்கும் கிண்ணம் வேணுமாயிருந்தது."