இருபத்தைந்து அங்குலச் சக்கரம்

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது மூன்று, கொழுந்தனார் பிள்ளைகளையும் சேர்த்து வளர்த்தது ஐந்து. படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. அதனால் நான் சொல்ல, பேத்தி மீனு எழுதுகிறாள். ஆனால் எண்களில் யாரும் என்னை ஏமாற்ற முடியாது. ரவிக்கை தைத்தவள் அல்லவா!

நேற்று மீனு தன் சைக்கிளுக்குப் புது டயர் வாங்கி வந்தாள். வீடு முழுக்க ரப்பர் வாசனை. டயரின் பக்கத்தில் 28 x 1½ என்று அச்சு. அதன் கீழே பொடியாக 40-635. அதென்ன என்று கேட்டேன். போனில் பார்த்துச் சொன்னாள்: "நாப்பது, டயரோட அகலம் பாட்டி. அறுநூத்தி முப்பத்தஞ்சு, அது உக்கார்ற ரிம்மோட குறுக்களவு. மில்லிமீட்டர்ல. இஞ்சுல சரியா இருபத்தஞ்சு."

அப்பாடா! ஐம்பது வருஷம் கழித்து என் தையல் டேப்புக்கு நியாயம் கிடைத்தது.

அப்போது வங்காளத்தில், காளிகாட்டில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்குக் கிடர்பூர் துறைமுகத்தில் தற்காலிக வேலை. மறுநாள் பந்த், பஸ் ஓடாது. "நாளைக்கு யார் வர்றாங்களோ அவங்களைத்தான் நிரந்தரம் பண்ணுவேன்" என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் பார்த்துத்தானா டயர் கிழிய வேண்டும்? சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தவர், "நான் ட்யூபை ஒட்டறேன். நீ ஓடிப்போய் இருபத்தெட்டு டயர் வாங்கிட்டு வா" என்றார்.

நான் கேட்பேனா? வெறும் சக்கரத்தைக் குறுக்கே டேப் வைத்து அளந்தேன். இருபத்தைந்துதான். இருபத்தெட்டு போட்டால் தொளதொளவென்று தொங்காதா?

கடையில் பாதி ஷட்டர் இறங்கியிருந்தது. "இருபத்தஞ்சுன்னு டயரே கிடையாது பௌதி. இருபத்தாறுதான் இருக்கு" என்றார் கடைக்காரர், வங்காள மொழியில். பௌதி என்றால் அண்ணி. வாங்கி வந்தேன். அது ரிம்மில் ஏறவே இல்லை. வீட்டுக்காரர் திட்டவில்லை, டயரை என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

திரும்ப ஓடினேன். கடைக்காரர் பூட்டை மாட்டிக்கொண்டிருந்தார். "தாதா, அவர் வேலை போயிடும்!" என்று அண்ணன் முறை வைத்துக் கெஞ்சினேன். சிரித்துக்கொண்டே திறந்தார். "ரிம்மை அளந்தா எப்படி பௌதி? காத்தடிச்ச டயரோட வெளியளவுக்கு வச்ச நம்பர் அது. மேல ஒன்றரை, கீழ ஒன்றரை. இருபத்தஞ்சோட கூட்டிப் பாருங்க."

இருபத்தெட்டு கச்சிதமாக உட்கார்ந்தது. காற்றடித்து வெளியளவை அளந்து, இருபத்தெட்டேதான் என்று பார்த்த பிறகுதான் நம்பினேன். மறுநாள் காலிச் சாலையில் அவர் ஜம்மென்று போனார், வேலையும் நிரந்தரமானது. "சக்கரத்துக்கு ரவிக்கை அளவெடுத்த மகராசி இவதான்" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அந்தக் கடை இப்போது இல்லை. சைக்கிள் பழைய இரும்புக்குப் போய்விட்டது. அவரும் போய் ஏழு வருஷமாகிறது. வீட்டில் என்னைக் கேலி செய்ய ஆளில்லை.

மீனு, எங்கே, எழுதினதை ஒரு தடவை வாசி. அவர் பேசற இடம் வந்தா மட்டும் கொஞ்சம் சத்தமா.