உனைசியும் அண்ணன் முறைச் சாட்சியும்

உனைசி தன் புத்தகப் பையைத் தோளில் மாட்டினால் எங்கள் ஃபிஜியின் சுவா நகரமே ஒரு பக்கமாகச் சாயும். பேருந்தில் அவளை நட்டநடுவில்தான் உட்கார வைப்பார்கள். ஓரத்தில் உட்கார்ந்தால் டயர் வெடிக்கும். உள்ளே இருப்பதெல்லாம் பன்னாட்டு வணிகச் சட்டம்.

இப்படிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. அவள் ஊரும் என் ஊரும் ஆதியில் ஒரே சாமியைக் கும்பிட்டவை. அப்படிப்பட்ட ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் எவ்வளவு வேண்டுமானாலும் கேலி செய்யலாம். கோபப்பட்டவர் தோற்றவர். சட்டக் கல்லூரி கேண்டீனில் டீ போடும் எனக்கு அவள் வரும் மாலை நேரம்தான் திருவிழா.

"வாங்க வக்கீலம்மா. நீங்க படிக்க ஆரம்பிச்சப்போ குஞ்சா இருந்த ஆமை இப்போ பேரன் பேத்தி எடுத்துடுச்சு."

"உங்க ஊர்ல பட்டம் வாங்கினது ஒரு ஆடு மட்டும்தானே அபிசாய்? அதுவும் அந்தக் காகிதத்தைத் தின்னுடுச்சாமே?"

பகலில் மீன்வளத்துறை அலுவலகம், மாலையில் முதுகலை வகுப்பு. நாற்பது வயதுக்கு மேல் இந்தப் பாடு எதற்கு என்றால், கடல் அட்டைக்காக. கோரோ தீவில் அவள் ஊர் ஒரு வெளிநாட்டு வியாபாரிக்குக் கடல் அட்டை விற்றது. சரக்கு போனது, பணத்தில் சண்டை வந்தது. ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில், வழக்கு வந்தால் எங்கோ ஒரு தூர தேசத்து நகரத்தில்தான் விசாரணை என்று எழுதியிருந்தது. அங்கே போக யாரால் முடியும்? ஊர் அப்படியே விட்டுவிட்டது. அந்த ஒப்பந்தத்தை ஊர்க்கூட்டத்தில் படித்துக் காட்டி, "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று சொன்னவள் உனைசி.

இப்போது இன்னொரு வியாபாரி வந்திருந்தான். "உனைசி படிச்சு முடிக்கட்டும், அப்புறம்தான் கையெழுத்து" என்று ஊர்த்தலைவர் சொல்லிவிட்டார். இவள் தேறாவிட்டால் மொத்த ஊரும் கரையில் காத்துக் கிடக்கும்.

கடைசித் தேர்வு ஒரு மாதிரி விசாரணை. கப்பலில் போன சூரை மீன் கெட்டுப்போனது, யார் பொறுப்பு என்று நடுவர் முன் வாதாட வேண்டும். உனைசி மீனை வாங்கியவர் பக்கம். எதிர்ப்பக்கத்துச் சாட்சியான கப்பல் கேப்டனாக, சீட்டுக் குலுக்கியதில் வந்தவர் சகியுசா. அவளுடைய பெரியப்பா மகன்.

எங்களிடம் அண்ணன் முறை ஆளோடு தங்கச்சி நேருக்கு நேர் பேச மாட்டாள். பகை இல்லை, மரியாதை. ஒரே வகுப்பில் இரண்டு வருஷம் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து படித்தார்கள். குலுக்கிய சீட்டை மாற்றித் தரச் சொல்லியிருக்கலாம். ஆனால் அண்ணனை வேண்டாம் என்று சொல்வதுபோல் ஆகிவிடும் என்று இவள் வாயைத் திறக்கவில்லை. அவரும் திறக்கவில்லை.

தேர்வு அன்று காலை டீயைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"மீனைக் குளிர வைக்கிற மெஷின் நின்னப்போ கேப்டன் கவா குடிச்சிட்டு இருந்தார். வழக்குல அதான் உயிர். அதை அவர் வாயாலயே வரவழைக்கணும்," என்றாள். கவா எங்கள் ஊர் வேர்ச்சாறு, குடித்தால் ஆளை மந்தமாக்கும்.

"கேட்டுடு. விளையாட்டுதானே?"

"விளையாட்டுன்னாலும் என் வாய்தானே அபிசாய்? நாலு பேர் முன்னால அண்ணனைப் பாத்து, குடிச்சியான்னு கேக்கணுமா?"

எனக்குக்கூடக் கேலி வரவில்லை. நம்புங்கள், நடந்தது.

டீக் கேத்தலோடு கதவோரம் நின்று பார்த்தேன். நடுவராக ஆக்லாந்திலிருந்து வந்த அம்மாள், பெயர் ஹார்வுட். சகியுசா சாட்சி நாற்காலியில் தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவர் சட்டை நனைந்திருந்ததைப் பார்த்தால் கப்பல் நிஜமாகவே மூழ்கிவிட்டதோ என்று தோன்றியது.

"உங்க கேள்வியைக் கேக்கலாம்," என்றார் நடுவர்.

உனைசி எழுந்தாள். நின்றாள். அவள் நின்ற நேரத்தில் ஒரு தென்னை காய்த்திருக்கும்.

"நடுவரம்மா, சாட்சி எனக்கு அண்ணன் முறை. எங்க வழக்கப்படி நான் அவர்கிட்ட நேரா பேசக் கூடாது. சாட்சிகிட்ட நடுவரே கேள்வி கேக்கலாம்னு விதி இருக்கு. என் கேள்விகளை உங்க வழியா கேக்க அனுமதி குடுங்க."

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"அண்ணனைப் பத்திப் புகார் சொன்ன மாதிரி ஆயிடும்மா."

அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். எதிர்ப்பக்கத்து வக்கீல் பையனைப் பார்த்தார். அவன் ஆட்சேபம் இல்லை என்றான். "சரி, கேளுங்க," என்றார்.

மெஷின் எப்போது நின்றது, யார் பார்த்தது என்று ஒவ்வொன்றாக நடுவர் வழியாகப் போனது, நடுவர் வழியாகவே வந்தது. கடைசிக் கேள்வியை உனைசி கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தபடியே தொடங்கினாள்.

"அந்த நேரத்துல கேப்டன்... கேப்டன் எங்கே..."

அதற்குமேல் வரவில்லை. சகியுசா முதல்முறையாகத் தலையை நிமிர்த்தி நடுவரைப் பார்த்தார்.

"மேல்தளத்துல கவாக் கிண்ணத்தோட உக்காந்திருந்தேம்மா. மெஷின் நின்னது எனக்குத் தெரியாது. தப்பு என்னோடதுதான்."

அவர் பக்கத்து வக்கீல் பையன் நெற்றியில் அடித்துக்கொண்டான். சாட்சி தானாகச் சொல்லவே கூடாத பதில் அது. அவருடைய மதிப்பெண்ணும் அதில்தான் இருந்தது. உனைசி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பதிலை வைத்துத் தன் வாதத்தை முடித்தாள். கடைசிவரை குரல் ஆடவில்லை.

மதியம் முடிவு சொன்னார்கள். உனைசி தேறினாள். சகியுசாவும் தேறினார், நூலிழையில்.

எல்லாரும் அவளைக் கட்டிப்பிடித்தார்கள். அவள் விலகி வந்து அறையின் நடுவில் தரையில் அமர்ந்தாள். சகியுசா இருந்த பக்கம் பார்க்கவே இல்லை. ஊர்ப்பெரியவருக்கு எங்கள் வழக்கப்படி நன்றி சொல்வதுபோல் உள்ளங்கைகளைக் குவித்து, மெதுவாக, ஆழமாகக் கை தட்டினாள். சத்தம் வெளிவாசல்வரை கேட்டது.

ஜன்னலோரம் நின்ற அவர் தலையைக் குனிந்து அதை வாங்கிக்கொண்டார்.