நூற்று நாற்பது வயதில் ஒரு கல்யாணச் சாவு

எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு படங்கள் மாட்டியிருந்தன. ஒன்று என் அப்பா. சந்தன மாலை போட்டிருக்கும், கீழே சின்ன மின்விளக்கு சிவப்பாக எரியும். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர். கறுத்த முடி, தடித்த மீசை, கழுத்தை நெரிக்கிற காலர். அவருக்கு மாலை கிடையாது. நான்தான் போடவில்லை. ஒரு விஞ்ஞானிக்கு மாலை போட்டுவிட்டால் அவர் சாமியாகிவிடுவார், பிறகு அவர் கணக்கை ஒருவரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று எனக்கு ஒரு வறட்டுக் கொள்கை இருந்தது. அந்தக் கொள்கைதான் பின்னால் என் தலையில் துண்டு கட்டியது.

அந்த வெள்ளைக்காரரை நான் பெரியவர் என்றுதான் சொல்வேன். சார்பியல் கோட்பாடு பிறந்த காலத்து ஆள். எங்கோ ஒரு குளிர் நாட்டில் பிறந்தவர். பெயர் வேண்டாம், சொன்னாலும் யாருக்கும் தெரியாது. அதே காலத்துக் கலைந்த தலைமுடிக்காரர் ஒருவரை உலகத்துக்கே தெரியும், பிள்ளைகள் பனியனில்கூட இருக்கிறார். ஈர்ப்பு என்றால் என்ன என்று அவர் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது என் பெரியவர் முந்திக்கொண்டு ஒரு விடை எழுதினார். சுருக்கமான, அழகான விடை. அதில் ஒரே ஒரு சங்கடம், அது தப்பு. அவர் கணக்குப்படி வெளிச்சம் சூரியனுக்குப் பக்கத்தில் போனாலும் வளையாமல் நேராகப் போகும். உண்மையில் வளைகிறது. கிரகணத்தின்போது படம் பிடித்துப் பார்த்தே உறுதி செய்தார்கள். என் பெரியவர் அதுவரைகூடக் காத்திருக்கவில்லை. அந்தத் தலைமுடிக்காரரின் கணக்கு தன்னுடையதைவிடச் சரி என்று தெரிந்ததுமே ஒத்துக்கொண்டார். அதையே உட்கார்ந்து படித்தார், அதற்குள்ளேயே மிச்ச வேலையைச் செய்தார். நாற்பதைத் தாண்டிக் கொஞ்ச நாளில் இறந்துபோனார்.

இந்த மனிதரைப் பற்றித்தான் நான் ஆராய்ச்சி செய்து முனைவர் ஆனேன். அவருடைய கோட்பாட்டில் ஒரு சின்னத் திருத்தம் செய்தால் போதும், வெளிச்சம் சரியாக வளைந்துவிடும், அவர் தோற்றிருக்கவே வேண்டாம் என்பது என் ஆய்வேட்டின் மூன்றாம் அதிகாரம். வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றில் அது அச்சாகவும் செய்தது. சில வருடங்கள் கழித்து ஒரு மதியம், வகுப்புக்காகப் பழைய தாள்களைப் புரட்டியபோதுதான் பார்த்தேன். ஒரு பக்கத்தின் கடைசி வரியில் இருந்த கழித்தல் குறி அடுத்த பக்கத்தின் முதல் வரியில் இல்லை. திரும்பப் போட்டுப் பார்த்தேன். வெளிச்சம் சூரியனை நோக்கி வளைவதற்குப் பதிலாக, கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை போல முகத்தைத் திருப்பிக்கொண்டு விலகிப் போனது. அதிகாரம் மொத்தமும் காலி.

யாரிடமும் சொல்லவில்லை. பயம்தான், வேறென்ன. பட்டம், வேலை, கதவில் மாட்டிய பெயர்ப்பலகை எல்லாம் அந்தக் குறி இல்லாததால் வந்தவை. இருபத்திரண்டு வருடம் அதை வயிற்றில் வைத்துக்கொண்டிருந்தேன். பரிகாரம் மாதிரி, செங்கல்பட்டில் நான் வேலை பார்த்த கல்லூரியில் ஆண்டுதோறும் என் பெரியவருக்கு ஒரு நினைவுச் சொற்பொழிவு நடத்தினேன். இந்த வருடம் மேடையில் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு வருடமும் நினைப்பேன். எதிரே நான்கு பேர் இருப்பார்கள், அதில் ஒருவர் மைக் செட்காரர். நான்கு பேரிடம் ஒத்துக்கொள்வது எப்படி ஒத்துக்கொள்வதாகும் என்று மனதுக்குள் வக்கீல் வைத்து வாதாடிவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவேன். போன வருடம் அந்த வசதிக்கும் முடிவு வந்தது. நான் ஓய்வுபெறும் வருடம், கடைசிச் சொற்பொழிவு.

கடைசியாயிற்றே என்று ஒரு பிளெக்ஸ் போடலாம் என நினைத்தேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடைக்குப் பெரியவரின் கறுப்பு வெள்ளைப் படம், அவர் பிறந்த வருடம், இறந்த வருடம், கூட்டம் நடக்கும் நாள், இடம் எல்லாவற்றையும் வாட்ஸப்பில் அனுப்பினேன். பிளெக்ஸை எடுத்துவந்து ஜிஎஸ்டி ரோட்டில் ஆள் கூடுகிற இடமாகப் பார்த்துக் கட்டும் வேலையை என் மச்சான் ஏற்றுக்கொண்டார். மனைவியின் அண்ணன். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் படகு வைத்திருப்பவர், செங்கல்பட்டுக்கு லோடு ஆட்டோவில் மீன் கொண்டுவருவார். நான் அச்சரப்பாக்கத்தில் ஒரு கல்லூரிக்குச் செய்முறைத் தேர்வு நடத்தப் போய், போனை அணைத்துவிட்டு இரண்டு நாள் அங்கேயே தங்கினேன்.

மூன்றாம் நாள் மதியம் பஸ்ஸில் திரும்பி வரும்போது கருங்குழியைத் தாண்டியதும் என் பெரியவரைப் பார்த்தேன். ஜிஎஸ்டி ரோட்டு ஓரம், ஒரு டீக்கடைக்கு மேலே, பத்தடி உயரத்தில். தலைக்கு மேல் கண்ணீர் அஞ்சலி. பக்கத்தில் ஒரு கண், அதிலிருந்து மூன்று சொட்டு. கீழே தாமரை, அகல்விளக்கு. அதற்கும் கீழே, அன்னாரின் காரியம் இன்ன தேதியில் கல்லூரிக் கலையரங்கில் நடைபெறும். இப்படிக்கு, ஆழ்ந்த துயரத்தில் இயற்பியல் துறைத் தலைவர் மற்றும் குடும்பத்தார். அதாவது நானும் என் வீடும்.

இறங்கியதும் நேரே பிளெக்ஸ் கடைக்குப் போனேன். டிசைனர் அமைதியாகப் பதில் சொன்னார்.

"சார், கறுப்பு வெள்ள போட்டோ குடுத்த. பொறந்த வருசம், செத்த வருசம் குடுத்த. அது இன்னா காதுகுத்தா? செத்த வருசம் மட்டும் பழசா இருந்துச்சு, ஏதோ தப்பா டைப் பண்ணிட்டன்னு இந்த வருசத்த போட்டுட்டேன்."

"பிறந்த வருடம்?"

"அத்த தொடல. பொறந்தத மாத்தக் கூடாது சார்."

ஆக, என் பெரியவர் நூற்று நாற்பது வயதைத் தாண்டி, இந்த வாரம்தான் காலமாகியிருந்தார்.

வீட்டு வாசலில் ஷாமியானா. பிளாஸ்டிக் நாற்காலிகளில் குப்பத்து ஆட்கள் வேட்டியை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இவ்வளவு வயதில் போனவருக்கு அழுவது மரியாதையில்லை, அது கல்யாணச் சாவு என்று மேளம் வைத்திருந்தார்கள். இரண்டு பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் பெரியவர் படத்துக்கு ரோஜா மாலை ஏறிவிட்டிருந்தது. பக்கத்துப் படத்தில் அப்பா ஒதுங்கி நிற்பதுபோல் இருந்தார். மனைவி பெரிய குண்டானில் டீ போட்டுக்கொண்டிருந்தாள்.

"காலைல கதவத் தொறந்தா சேர எறக்கிகினு கீறாங்க. அண்ணன் அழுதுகினு நிக்குது. நான் இன்னான்னு சொல்றது? உங்க போனு ஆப்பு" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "குப்பத்துல இன்னிக்கு ஒருத்தரும் தொழிலுக்குப் போவல" என்றாள்.

குப்பத்து வீடுகளில் ஒரு சாவு என்றால் அன்று எந்தப் படகும் கடலில் இறங்காது. அந்த ஊர்ப் பெண்ணைக் கட்டியவன் வீட்டுச் சாவும் அதில் சேர்த்தி. பனிநாட்டில் எப்போதோ புதைக்கப்பட்ட ஒரு மனிதருக்காக வங்காள விரிகுடாவின் ஒரு துண்டு அன்று சும்மா கிடந்தது.

மச்சானைத் தனியாகச் சமையலறைக்குக் கூட்டிப்போய் உண்மையைச் சொன்னேன்.

"மச்சான், அவர் இப்போது சாகவில்லை. இறந்து நூறு வருடம் ஆகிறது."

அவர் துண்டால் கண்ணைத் துடைத்தார். "இன்னா மாப்ள சொல்ற? இருவது வருசமா மாலை இல்லாம மாட்டி வச்சிகினு கீற. உசுரோட கீறாருன்னுதான நெனைப்பாங்க?"

என் கொள்கையை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"சரி, நூறு வருசம் முன்னாடி செத்தாரு. அங்க காரியம் பண்ணாங்களா?"

"நம் மாதிரி பண்ணியிருக்க மாட்டார்கள்."

"அப்போ இப்ப பண்ணிட்டா போச்சு. வெளிய போயி இந்தக் கதையெல்லாம் சொல்லிகினு இருக்காத. ஊரு ஒரு நாள் தொழில வுட்டுக் கீது."

வெளியே போய் உட்கார்ந்தேன். துக்கம் கேட்க வந்தவர்கள் கேட்பதையெல்லாம் கேட்டார்கள். இந்த வயதில் முடி இவ்வளவு கறுப்பாக இருக்கிறதே என்றார் ஒருவர். பழைய போட்டோ என்றேன், அதில் பொய் இல்லை. என்ன வேலையில் இருந்தார் என்று மச்சானின் மனைவி கேட்டார். மாமல்லபுரம் மார்க்கெட்டில் மீன் விற்பவர், என்னை அண்ணா என்று கூப்பிடுவார். வாங்குகிறவர் பொய் சொன்னால் கண்ணைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். அதனால் உள்ளதைச் சொன்னேன். வெளிச்சம், சூரியன், நேராகப் போவது, வளைவது எல்லாவற்றையும். மேளம் நின்றுவிட்டது. என் வகுப்பில்கூட அப்படி ஓர் அமைதி வந்ததில்லை.

"அப்ப அவரு போட்ட கணக்கு தப்பாண்ணா?"

"தப்புதான்."

"ஒத்துகினாரா?"

"ஒத்துகினாரு" என்றேன். அவர்கள் பேச்சு எனக்கும் ஒட்டிக்கொண்டது.

"பெரிய மனுசன்தான். எங்க வூட்டு ஆளு வலைய தப்பா வுட்டுட்டு, கடலு சரியில்லன்னுதான் சொல்லும்."

மச்சான் வேறு பக்கம் பார்த்தார். நானும் வேறு பக்கம்தான் பார்த்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

காரியத்துக்கு, அதாவது என் சொற்பொழிவுக்கு, கலையரங்கம் நிறைந்துவிட்டது. ஆறு வேனில் குப்பம் வந்தது. கருங்குழி டீக்கடைக்காரர், தன் கடைக்கு மேலே தொங்கியவருக்கு வராமல் எப்படி என்று வந்தார். மேடையில் படத்துக்கு முன்னால் வாழையிலையில் படையல்: வடை, அதிரசம், முறுக்கு. பெரியவருக்கு என்ன பிடிக்கும் என்று முந்தின நாள் கேட்டிருந்தார்கள். கணக்கு என்று சொல்லித் தொலைத்திருந்தேன். அதிரசத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் போட்ட நோட்டும் நீலப் பேனாவும் வைத்திருந்தார்கள்.

கல்லூரி முதல்வர் வாசலிலேயே நின்றுவிட்டார். "சார், இது நம்ம வருடாந்திர நிகழ்ச்சிதானே?"

"அதேதான் சார். இந்த முறை ஆள் கொஞ்சம் அதிகம்."

பிறகு மச்சான் மேடை ஏறினார். துக்கக்காரனுக்குக் கோடி போடுவது மச்சானின் முறை. புது வேட்டியைத் தோளில் போட்டு, துண்டை என் தலையில் பாகையாகக் கட்டினார். அந்தத் தலையோடு மைக் முன்னால் போய் நின்றேன். எதிரே முந்நூறு பேர். நான்கு பேர்தானே என்று சொல்ல முடியாது. என் வக்கீலைத் தேடினேன், ஆளைக் காணோம்.

பெரியவரைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினேன். பிறகு படையலில் இருந்த நோட்டை எடுத்து, அந்த நீலப் பேனாவால் என் மூன்றாம் அதிகாரத்தின் அந்த இரண்டு வரிகளை எழுதினேன். கழித்தல் குறியையும் போட்டேன். நோட்டைத் தூக்கிக் காட்டினேன். முதல் வரிசைக்குக்கூடத் தெரிந்திருக்காது.

"இந்தக் குறியை நான் விட்டுவிட்டேன். என் ஆராய்ச்சி தப்பு. இருபத்திரண்டு வருடமாக எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை."

பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்து மேளக்காரர் அடித்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். என் துறைக்காரர்கள் இரண்டு பேர் தரையைப் பார்த்தார்கள். முதல்வர் கடிகாரத்தைப் பார்த்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. பார்த்தவர்கள் பெரியவருக்காக என்று நினைத்திருப்பார்கள். மூன்றாவது வரிசையில் மச்சானின் மனைவி எழுந்து நின்றார்.

"அதனால யார்னா கெட்டுப் போனாங்களாண்ணா?"

"இல்லை."

"அப்ப இன்னாத்துக்கு இத்தினி வருசம் உள்ளயே வச்சிகினு இருந்த?"

"பயம்தான்" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார். மச்சான் மைக்கை வாங்கி, எல்லோரும் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று அறிவித்தார்.

அடுத்த வாரம் அந்த ஆய்விதழுக்குத் திருத்தம் எழுதி அனுப்பினேன். மின்னஞ்சல் போன வேகத்தில் திரும்பி வந்தது. விசாரித்ததில் அந்த இதழ் எப்போதோ நின்றுபோயிருந்தது. திருத்தத்தை வாங்கிக்கொள்ள உலகத்தில் ஒரு முகவரியும் இல்லை. துறையில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஓய்வுபெறும் நாளில் எனக்குச் சால்வை போட்டு, மூன்றாம் அதிகாரத்தையும் சேர்த்தே புகழ்ந்தார்கள்.

போன மாதம் மாமல்லபுரம் மார்க்கெட்டுக்குப் பையோடு போயிருந்தேன். மச்சானின் மனைவி சங்கரா மீனுக்குச் செதில் தேய்த்துக்கொண்டிருந்தார். சுற்றி ஏழெட்டுப் பேர் வாங்க நின்றார்கள். என்னைப் பார்த்ததும் கையை நிறுத்தாமலே அவர்களிடம் சொன்னார்.

"இவுருதான் எங்க அண்ணன். கணக்கு தப்பாப் போட்டுட்டு, ஊரக் கூட்டி வச்சி ஒத்துகினாருன்னு சொன்னன் இல்ல, அவுரு."

ஏழெட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் எனக்கு வழிவிட்டு நகர்ந்து நின்றார்.