வயிற்றுக்கு நான் கொடுத்த குளிசைகள்

பம்பலப்பிட்டிப் பாடசாலையொன்றில் முப்பது வருடம் இரசாயனவியல் கற்பித்தவன் நான். அதனால் எங்கள் வெள்ளவத்தை வீட்டில் வயிற்றுக் கோளாறுக்கு வைத்தியரை நாடும் வழக்கம் இருக்கவில்லை. மனைவிக்கு வயிற்றோட்டம் என்றால், காலி வீதி மருந்துக் கடையில் அன்டிபயோட்டிக்கின் பெயரை நானே சொல்லி வாங்கி வருவேன். கடைக்காரர் வைத்தியர் எழுதிய மருந்துத் துண்டைக் கேட்டதில்லை. "சேர்" என்று எழுந்து நின்று தருவார். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது.

சில மாதங்களுக்கு முன் அரிசி வாளியைத் தூக்கக் குனிந்த மனைவியின் முதுகெலும்பு ஒன்று நொறுங்கியது. அவள் விழக்கூட இல்லை.

எக்ஸ்ரே படத்தைப் பார்த்த வைத்தியர், என்னிடம் படித்த ஒருவரின் மகள். "அப்பா இப்பவும் உங்களைப் பற்றிக் கதைப்பார், சேர்" என்றார். எலும்பு வயதுக்கு மிஞ்சி மெலிந்திருந்ததாம். குடலில் வாழும் பக்றீரியாக்கள், உணவிலுள்ள கல்சியம் உடலில் சேர உதவக்கூடும் என்றும், அவை குலைந்தால் எலும்பும் நலியக்கூடும் என்றும் விளக்கினார்.

"அன்ரி அன்டிபயோட்டிக் அடிக்கடி குடிக்கிறவவோ, சேர்?"

"இல்லை. எப்பவாவது" என்றேன்.

கட்டிலில் படுத்திருந்த மனைவி குறுக்கிட்டாள். "மாசத்துக்கு ஒருக்காவாவது குடிப்பன், பிள்ளை. கனகாலமா. இவருக்குத் தெரியாது. நானாத்தான் வாங்கிறனான்."

"சேர் மாதிரி ஒருத்தரை வீட்டில வச்சுக்கொண்டோ, அன்ரி? ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே."

"கேட்டிருக்கலாம்தான்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. "அதாலதான் எண்டும் நிச்சயமாச் சொல்லேலாது, வயசும் இருக்கு" என்று வைத்தியர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு அவர் எழுதி நீட்டிய மருத்துவக் கோப்பை நான் வாங்கிக்கொண்டேன்.

வீடு திரும்புகையில் ஓட்டோ ஒவ்வொரு குழியிலும் இறங்கி ஏற, அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"ஏன் அப்பிடிச் சொன்னனீர்?" என்று கேட்டேன்.

"அந்தப் பிள்ளை தேப்பனிட்டைச் சொல்லுமெல்லே. பிறகு நீங்கள் வெக்கத்தில கோயிலுக்கும் வரமாட்டியள்."

அவளுடைய கோப்பில், தானாகவே மருந்து வாங்கி உட்கொண்டவர் என்று ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கிறது. திருத்தச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். அதன்பின் இரண்டு தடவை வைத்தியரிடம் போய் வந்துவிட்டோம். இரண்டு தடவையும் கோப்பை நான்தான் சுமந்து சென்றேன்.